ஆற்றில் போட்டாலும் அளந்து போடு



நம் கடைகளில் அன்றாடம் நடப்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். உளுந்துக்கு கிலோவில் ஐம்பது காசு கூடச் சொன்னால் தரகரிடம் அரை மணி நேரம் பேசுகிறோம். லாரி வாடகையில் இருபது ரூபாய் அதிகம் எழுதியிருந்தால் பில்லைத் திருப்பி அனுப்புகிறோம். சாக்கு எடை கழித்தார்களா, இறக்குக்கூலி யார் கணக்கு என்று ஒவ்வொன்றையும் கேட்ட பிறகுதான் சிட்டையில் எழுதுகிறோம். இதைக் கஞ்சத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. மொத்த வியாபாரத்தில் லாபம் என்பதே அந்த ஐம்பது காசுதான்.

அப்படிப்பட்ட நாம் வெளிநாட்டுக்குப் போனால் என்ன செய்கிறோம்? விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் என்ன விலை சொன்னாலும் தலையாட்டுகிறோம். கொடுத்த நோட்டை எண்ணக்கூட வெட்கப்பட்டுப் பைக்குள் திணிக்கிறோம். ஓட்டலில் கார்டைத் தேய்த்துவிட்டு, எவ்வளவு பிடித்தார்கள் என்பதை ஊர் வந்து ஒரு மாதம் கழித்துத்தான் பார்க்கிறோம். நம்முடைய கணக்குப் புத்தியை விமானம் ஏறும்போதே வழியனுப்ப வந்தவர்களிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

2024 ஜூன் மாதம் நம் வட்டாரத்து வியாபாரிகள் குடும்பத்தோடு இருபத்தாறு பேர் சேர்ந்து சிங்கப்பூரும் மலேசியாவும் போய் வந்தோம். சந்தைகளைப் பார்த்தோம், கடைகளில் சரக்கு அடுக்கும் முறையைப் பார்த்தோம், நல்ல அனுபவம்தான். திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ரசீதுகளையும், நண்பர்கள் சிலரிடம் கேட்டு வாங்கிய ரசீதுகளையும் மேசையில் பரப்பிக் கூட்டிப் பார்த்தேன். ஊர் சுற்றிய செலவை நான் செலவு என்று ஏற்றுக்கொள்கிறேன். பணத்தைப் பணமாக மாற்றியதில் மட்டும் எவ்வளவு போயிற்று என்று பார்த்தபோது மனம் ஒப்பவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பள்ளி இறுதி வரை படித்தவன். பொருளாதார நிபுணன் அல்ல. ஒரு மொத்த வியாபாரியின் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

மூட்டைக் கணக்கு

வெளிநாட்டில் நஷ்டம் நமக்கு உறைக்காததற்குக் காரணம், அது நமக்குப் பழகாத நாணயத்தில் நடப்பதுதான். பத்து வெள்ளி என்றால் பத்து ரூபாய் போலவே கைக்குத் தோன்றுகிறது. ஆகவே நான் ஒரு வழி வைத்துக்கொண்டேன். ஐம்பது கிலோ உளுந்து மூட்டை ஒன்றில், கிலோவுக்கு ஐம்பது காசு வீதம், எனக்கு நிற்பது இருபத்தைந்து ரூபாய். எந்த நஷ்டத்தையும் இருபத்தைந்தால் வகுத்தால் எத்தனை மூட்டை விற்ற லாபம் போயிற்று என்று தெரிந்துவிடும். ஆயிரம் ரூபாய் என்றால் நாற்பது மூட்டை. உங்கள் சரக்குக்குத் தக்கபடி உங்கள் மூட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

"கமிஷன் கிடையாது" என்ற பலகை

பணமாற்றுக் கடைகளில் வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு எழுதியிருப்பார்கள். நம் மண்டியில் கொள்முதல் விலையும் விற்பனை விலையும் இருப்பதைப் போலத்தான். இரண்டுக்கும் நடுவில் உள்ளது அவர் லாபம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவரும் வியாபாரிதானே. ஆனால் "கமிஷன் கிடையாது" என்று பெரிதாக ஒரு பலகை இருந்தால் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். "வாடகை இலவசம், கடையில் கொண்டு வந்து இறக்குகிறோம்" என்று சொல்லும் மில்காரர் வாடகையை எங்கே வைத்திருப்பார் என்பது நமக்குத் தெரியாதா? விலைக்குள்தான்.

எங்கள் குழுவிலேயே நடந்ததைச் சொல்கிறேன். நான் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு, ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற மூன்று இடங்களில் விலை கேட்டு, சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு 62 ரூபாய் 80 காசு வீதம் ஆயிரம் வெள்ளி வாங்கினேன். நண்பர் ஒருவர் நேரமில்லை என்று விட்டுவிட்டு விமான நிலையத்தில் 66 ரூபாய் 80 காசுக்கு அதே ஆயிரம் வெள்ளி வாங்கினார். வித்தியாசம் நாலாயிரம் ரூபாய். நூற்று அறுபது மூட்டை.

அவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டது வேறு. "ஜி.எஸ்.டி. வேறு பிடித்துவிட்டான்" என்றார். நான் ரசீதை வாங்கிப் பார்த்தேன். ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மாற்றத்துக்கு, தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவை மதிப்பாக வைத்து, அதன் மேல்தான் 18 சதவீதம் வரி. முழுதாக ஒரு லட்சம் மாற்றினாலே வரி 180 ரூபாய்தான். அவர் கட்டியது சுமார் 120 ரூபாய். கண்ணுக்குத் தெரிந்த நூற்று இருபதுக்கு வருத்தப்பட்டார். விலைக்குள் ஒளிந்திருந்த நாலாயிரம் அவர் கண்ணில் படவே இல்லை. நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு ரசீதில் அடங்கியிருக்கிறது.

ஆகவே எந்த இடத்திலும் கமிஷன் எவ்வளவு என்று கேட்காதீர்கள். "இத்தனை ரூபாய் தருகிறேன், எல்லாம் போக என் கையில் எத்தனை வெள்ளி வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு எண்தான் பதில். அதை நாலு இடத்தில் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெயர் ஒன்று, பணம் வேறு

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம் தமிழர்கள் பணத்தை "வெள்ளி" என்றுதான் சொல்கிறார்கள். காதுக்கு இனிமையாக இருக்கிறது. சிங்கப்பூர் நாணயத்தில் தமிழ் எழுத்தைப் பார்க்கும்போது நம் ஊர்ப் பணம் போலவே ஒரு பாசம் வந்துவிடுகிறது. ஆனால் சிங்கப்பூர் வெள்ளி என்பது டாலர், மலேசிய வெள்ளி என்பது ரிங்கிட். 1973 வரை இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாகச் செல்லுபடியாகின. பிறகு பிரிந்துவிட்டன. நான் முதன்முதலில் போன 1996-ல் சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மலேசிய வெள்ளி இரண்டுக்கும் குறைவு. 2024-ல் நாங்கள் போனபோது சுமார் மூன்றரை.

ஜொகூர் பாருவில் இறங்கியதும் எங்கள் குழுவில் ஒருவர் கைப்பை ஒன்று வாங்கினார். கடைக்காரர் தமிழர். "அறுபது வெள்ளி" என்றார். நம்மவர் சட்டைப் பையில் இருந்த சிங்கப்பூர் நோட்டில் அறுபதை எண்ணிக் கொடுத்துவிட்டார். கடைக்காரர் நோட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது சிங்கப்பூர்க் காசு. இதை உள்ளே வையுங்கள், எங்க காசு கொடுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டிருந்தால் நம்மவருக்கு இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல் நஷ்டம். நூறு மூட்டைக்கு மேலே. அந்தக் கடைக்காரரின் நாணயத்தை இங்கே மெச்சி எழுதுவது என் கடமை. ஆனால் எல்லாக் கல்லாவிலும் அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று நம்பிப் போகக் கூடாது. இரண்டு நாட்டுப் பணத்துக்கும் இரண்டு உறை, இரண்டு பை. இதுதான் வழி.

இன்னொன்றும் அங்கே கற்றேன். சிங்கப்பூர் ஓட்டல்களில் சாப்பாட்டு விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். அப்படியென்றால் பத்து சதவீதம் சேவைக் கட்டணமும், அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யும் தனி என்று பொருள். அங்கே 2024 ஜனவரி முதல் ஜி.எஸ்.டி. 9 சதவீதம். பத்து வெள்ளி என்று எழுதியிருப்பது பில்லில் பதினொன்று வெள்ளி தொண்ணூற்றொன்பது காசாக வரும். மலேசியாவில் தங்கும் விடுதிகளில் வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குகிறார்கள். இவை ஏமாற்று வேலை அல்ல, முறையான வரிகள். முன்கூட்டியே தெரிந்துகொண்டு பட்ஜெட் போடாதது நம் தவறு.

இயந்திரம் கேட்கும் கேள்வி

இனி என் சொந்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். மற்றவர்கள் கதையை மட்டும் சொன்னால் நியாயமாகாது.

கோலாலம்பூரில் நானும் இன்னொரு நண்பர் குடும்பமும் ஒரே விடுதியில் நான்கு இரவு தங்கினோம். ஒரே வகை அறை. சாப்பாடு எல்லாம் சேர்த்து இருவருக்கும் பில் இரண்டாயிரம் ரிங்கிட். கிரெடிட் கார்டைக் கொடுத்தேன். இயந்திரத்தில் ஒரு கேள்வி வந்தது: ரூபாயில் கட்டுகிறீர்களா, ரிங்கிட்டில் கட்டுகிறீர்களா? எனக்கு ரூபாய் என்று பார்த்ததும் சந்தோஷம். எவ்வளவு போகிறது என்று இங்கேயே தெரிந்துவிடுமே என்று ரூபாயை அமுக்கினேன். நண்பர் அவசரத்தில் ரிங்கிட்டை அமுக்கினார்.

மாதக் கடைசியில் இருவரும் கணக்கைப் பார்த்தோம். அவருக்குப் போனது 36,860 ரூபாய். எனக்குப் போனது 38,140 ரூபாய். வித்தியாசம் 1,280. ஐம்பத்தோரு மூட்டை உளுந்து ஒரு பொத்தானில் போய்விட்டது.

காரணத்தைப் பிறகு வங்கி மேலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ரிங்கிட் என்று அமுக்கினால், கார்டு நிறுவனத்தின் மாற்று விலைப்படி ரூபாயாக்கி, அதன் மேல் நம் வங்கி தன் கட்டணத்தைச் சேர்க்கும். நம் நாட்டுக் கார்டுகளில் இது பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம் வரை இருக்கிறது, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ரூபாய் என்று அமுக்கினால், மாற்று விலையை வைப்பவர் கடைக்காரரின் இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம். அவர் தன் இஷ்டத்துக்கு லாபம் வைத்துக்கொள்கிறார். அதில் ஒரு பங்கு கடைக்காரருக்கும் போகலாம். போதாததற்கு, இப்படி ரூபாயில் கட்டியதற்கும் சில வங்கிகள் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கின்றன. வாங்குபவன் நான், விலை சொல்பவர் அவர், தராசும் அவர் கையில். நம் மண்டியில் இப்படி ஒரு வியாபாரத்துக்கு நாம் ஒப்புக்கொள்வோமா?

எனவே இயந்திரம் எப்போது கேட்டாலும் அந்த நாட்டுப் பணத்தையே அமுக்குங்கள். பணம் எடுக்கும் ஏ.டி.எம். இயந்திரமும் இதே கேள்வியைக் கேட்கும். அங்கும் அதே பதில்தான். சில இடங்களில் நம்மைக் கேட்காமலே ஊழியர் ரூபாயை அமுக்கிவிடுவார். சீட்டில் ரூபாய்த் தொகை அச்சாகியிருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

எதை எங்கே மாற்றுவது

சரக்கு விளையும் ஊரில் மலிவு, விளையாத ஊரில் விலை கூடுதல். நாணயமும் அப்படியே. நம் ஊர்ப் பக்கம் சிங்கப்பூர் வெள்ளிக்கும் அமெரிக்க டாலருக்கும் வாங்க ஆள் உண்டு, விற்க ஆள் உண்டு. ரிங்கிட்டுக்கு அவ்வளவு நடமாட்டம் இல்லை. ஓடாத சரக்குக்கு வியாபாரி லாபம் கூட வைப்பான். ஆகவே இங்கே கொஞ்சமாக ரிங்கிட் வாங்கிக்கொண்டு, மீதியை மலேசியாவில் இறங்கிய பிறகு ஊருக்குள் மாற்றுவது மேல். கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பகுதியிலும், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை லிட்டில் இந்தியாவிலும் பணமாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பத்து அடிக்கு ஒரு போட்டியாளர் இருக்கும் இடத்தில் விலை தானாக நியாயத்துக்கு வரும். இது நமக்குத் தெரியாத பாடமா?

அங்கே பல கடைகளில் தமிழ் பேசுவார்கள். ஊர் எது என்று அன்போடு விசாரிப்பார்கள். பேசுங்கள், மகிழுங்கள். ஆனால் மூன்று கடையில் விலை கேட்ட பிறகு மாற்றுங்கள். பணத்தை அங்கேயே எண்ணுங்கள். ரசீது வாங்குங்கள். வழிகாட்டி ஒரு குறிப்பிட்ட கடைக்கே அழைத்துப் போனால் அந்தக் கடையைக் கடைசியாகப் பாருங்கள்.

விமான நிலையத்தில் டாக்சிக்கும் தண்ணீருக்கும் வேண்டிய அளவு மட்டும் மாற்றுங்கள். ரூபாயை டாலராக்கி, டாலரை வெள்ளியாக்கினால் இரண்டு தரகு. முடிந்தவரை ஒரே மாற்றமாகச் செய்யுங்கள்.

வங்கிகள் கொடுக்கும் முன்பணக் கார்டில் சிங்கப்பூர் டாலர் ஏற்றிக்கொண்டு போனால், ஏற்றிய நாள் விலை நின்றுவிடும். நல்ல வசதிதான். ஆனால் அதே கார்டை மலேசியாவில் தேய்த்தால் மறுபடி ஒரு மாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள். ரிங்கிட் எல்லாக் கார்டிலும் இருப்பதில்லை. வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். நேபாளம், பூடான் தவிர மற்ற நாடுகளுக்கு ஒருவர் நம் ரூபாய் நோட்டாக 25,000 வரைதான் கொண்டு போகலாம். வெளிநாட்டு நோட்டாக, பெரும்பாலான நாடுகளுக்கு, ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வாங்கலாம். மீதி கார்டில்தான். 50,000 ரூபாய்க்கு மேல் அந்நியப் பணம் வாங்கினால் ரொக்கமாகக் கட்ட முடியாது, வங்கி மூலமாகத்தான் கட்ட வேண்டும். திரும்பி வந்த பிறகு 2,000 டாலர் மதிப்புக்கு மேல் மிச்சம் இருந்தால் 180 நாளுக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். இந்த வரம்புகள் அவ்வப்போது மாறும். புறப்படுவதற்கு முன் வங்கியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

உண்டியல் வழி

இதுவரை சொன்னதெல்லாம் ஆயிரம், நாலாயிரம் சமாச்சாரம். இனிச் சொல்லப்போவது குடும்பத்தையே ஆட்டிவைக்கக்கூடியது.

எங்களோடு என் தம்பி மகனும் வந்திருந்தான். சுறுசுறுப்பான பிள்ளை. மசாலா, பருப்பு பாக்கெட் போடும் இயந்திரம் ஒன்றை அங்கே பார்த்துப் பிடித்துப்போயிற்று. விலை 18,000 ரிங்கிட். நம் பணத்தில் மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். விற்பவர் இரகசியமாக ஒரு யோசனை சொன்னார். "வங்கி எதற்கு? சென்னையில் நம் ஆள் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். இங்கே எனக்கு வெள்ளி வந்துவிடும். வங்கி உங்களுக்கு ரிங்கிட் 18 ரூபாய் 10 காசு போடும். அவர் 17 ரூபாய் 30 காசுதான் போடுவார். பில்லைக் குறைத்து எழுதித் தருகிறேன், சுங்க வரியும் மிச்சம்."

அன்று இரவு பையன் என் அறைக்கு வந்தான். "பெரியப்பா, எண்பது காசு வித்தியாசம். பதினாலாயிரத்து நானூறு ரூபாய். உங்கள் கணக்கில் ஐந்நூற்று எழுபத்தாறு மூட்டை" என்றான். என் மூட்டைக் கணக்கை என்னிடமே திருப்பிவிட்டான். எனக்கு ஒரு நிமிடம் பதில் வரவில்லை. நாள் முழுதும் எண்பது காசுக்கும் ஐம்பது காசுக்கும் நான்தானே அவனிடம் உபதேசம் செய்துகொண்டிருந்தேன்!

பிறகு சொன்னேன். "மூட்டைக் கணக்கு லாபத்தை அளக்கத்தான், தம்பி. இங்கே நீ பணயம் வைப்பது லாபத்தை அல்ல. முதலை." எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரியின் கதையையும் சொன்னேன். அவர் இப்படித்தான் நாலு லட்சம் ரூபாயை ஒருவர் கையில் கொடுத்தார். ரசீது இல்லை. துண்டுச் சீட்டில் ஓர் எண் மட்டும். பணம் அக்கரைக்குப் போய்ச் சேரவில்லை. கொடுத்தவரைக் கேட்டால் நாளை, நாளை என்றார். பிறகு ஆளையே காணோம். காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றால் எந்த வாயால் புகார் சொல்வது? கொடுத்த விதமே குற்றம். வருமான வரிக்காரர் "இந்தப் பணம் எது?" என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. பணம் போனதைவிட, போனதை வெளியே சொல்ல முடியாமல் அவர் பட்ட வேதனைதான் பெரிது. இரண்டு வருடத்தில் கடையைச் சுருக்கிவிட்டார்.

பழைய பெரா சட்டம் 2000 ஜூன் முதல் தேதியோடு போய், அதன் இடத்தில் பெமா சட்டம் வந்தது. சட்டம் தளர்ந்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். பெமாவின்படி மீறிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். மூன்று லட்சத்துக்கு ஒன்பது லட்சம்! பதினாலாயிரம் மிச்சத்துக்காக இந்த ஆபத்தை எந்த வியாபாரி வாங்குவான்? பில்லைக் குறைத்து எழுதுவது தனியாக ஒரு சுங்கக் குற்றம்.

கணக்காகப் பார்த்தாலும் அது லாபமில்லை. வங்கி வழியாக, நம் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணோடு, விற்பவரின் முறையான விலைச் சீட்டின் பேரில் பணம் அனுப்பினால், சரக்கு வராவிட்டால் கேட்பதற்குக் கையில் ஆதாரம் உண்டு. இறக்குமதியின்போது கட்டும் ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். இயந்திரம் முழு விலையில் புத்தகத்தில் ஏறும், தேய்மானமும் எழுதலாம். உண்டியல் வழியில் போனால் இவற்றில் ஒன்றும் கிடையாது.

சுற்றுலாவுக்கென்று வாங்கிய பணத்தையோ கார்டையோ வைத்து வியாபாரச் சரக்குக்கு முன்பணம் கொடுப்பதும் சரியல்ல. எந்தக் காரணத்துக்கு அந்நியப் பணம் வாங்கினோமோ அதற்குத்தான் செலவிட வேண்டும். பார்த்துப் பேசி முடிப்பது அங்கே, பணம் அனுப்புவது ஊருக்கு வந்து வங்கி வழியாக. பையன் அப்படியே செய்தான். கொஞ்சம் காலதாமதம் ஆயிற்று, வங்கிக் கட்டணமும் ஆயிற்று. இயந்திரம் இன்று கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவனும் இரவில் நிம்மதியாகத் தூங்குகிறான்.

"எல்லாம் போனில் இருக்கிறதே"

இளைய தலைமுறையினர் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். "பெரியவர் இன்னும் நோட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார், எங்களுக்கு எல்லாம் போனில் இருக்கிறது" என்பார்கள். நான் புதுமைக்கு எதிரி அல்ல. 1996-ல் நான் முதன்முதலில் போனபோது வங்கியில் டிராவலர்ஸ் செக் வாங்கி, வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது ஒரு கையெழுத்து என்று போட்டுக்கொண்டிருந்தேன். கையெழுத்து சற்று மாறினால் மாற்ற மாட்டார்கள். அன்று சிங்கப்பூர் வெள்ளி சுமார் 25 ரூபாய். இன்றைய வசதி எனக்குப் பிடித்தே இருக்கிறது.

ஆனால் போன் வேகத்தைக் கொடுக்கிறது, விலையைக் குறைத்துக் கொடுப்பதில்லை. 2023 பிப்ரவரியில் நம் யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் பேநவ் முறையும் இணைக்கப்பட்டன. நல்ல காரியம். ஆனால் அது ஆளுக்கு ஆள் பணம் அனுப்புவதற்கான ஏற்பாடு. எல்லா வங்கியிலும், எல்லாக் கடையிலும் நம் போனைக் காட்டினால் வேலை முடிந்துவிடும் என்று கிளம்பக் கூடாது. எங்கள் குழுவில் ஓர் இளைஞரின் கார்டு அங்கே போய் வேலையே செய்யவில்லை. 2020-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டை வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதியை நாம்தான் கேட்டுத் திறந்து வைக்க வேண்டும். அவர் திறக்கவில்லை. திறக்கலாம் என்றால் ரகசிய எண் வரவேண்டிய சிம் ஊரில் இருக்கிறது. மனைவி பில் கவுண்டரில் நிற்கிறார், பின்னால் வரிசை நிற்கிறது. கடைசியில் நோட்டு வைத்திருந்த பெரியவர்களில் ஒருவர்தான் கொடுத்து உதவினார்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள்

நம் சங்கங்கள் உறுப்பினர்களை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வது நல்ல பழக்கம். விமானச் சீட்டு, விசா, சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் கமிட்டி போடுகிறோம். பணத்துக்கு மட்டும் "அவரவர் பார்த்துக்கொள்ளவும்" என்று விட்டுவிடுகிறோம். பணத்தோடு பழகுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது பெருமை அல்ல. நிர்வாகக் குழுவினர் பின்வருவனவற்றைப் பரிசீலிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

1. ஒவ்வொரு பயணத்துக்கும் பத்து நாள் முன்பு ஒரு மாலை வங்கி அலுவலர் ஒருவரையும் ஆடிட்டர் ஒருவரையும் அழைத்து, அன்றைய விதிமுறைகளையும் வரம்புகளையும் உறுப்பினர்களுக்கு விளக்கச் சொல்ல வேண்டும். பெண்களும் வந்து உட்கார வேண்டும். அங்கே பாதிச் செலவு அவர்கள் கையால்தான் நடக்கிறது.

2. அனுமதி பெற்ற மூன்று இடங்களில் சங்கத்தின் பேரால் விலை கேட்க வேண்டும். இருபத்தாறு பேருக்கு என்று சொன்னால் விலை தானாக இறங்கும். ஆனால் வாங்குவது அவரவர் பாஸ்போர்ட், அவரவர் பான் எண், அவரவர் வங்கிக் கணக்கில்தான் இருக்க வேண்டும். ஒருவர் பேரில் எல்லாருக்கும் வாங்கக் கூடாது.

3. போகும் நாட்டு நாணயத்தின் அன்றைய மதிப்பு, ஐந்து, பத்து, ஐம்பது, நூறுக்கு எத்தனை ரூபாய் என்ற அட்டவணையை உள்ளங்கை அளவு அட்டையில் அச்சடித்து ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும். அதன் பின்புறத்தில், "அந்நாட்டுப் பணத்திலேயே கட்டவும்" என்ற ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

4. பாஸ்போர்ட், பணம், கார்டு மூன்றையும் ஒரே பையில் வைக்கக் கூடாது. கணவனிடம் பாதி, மனைவியிடம் பாதி. பாஸ்போர்ட்டின் நகல் குழுத் தலைவரிடம் ஒன்று.

5. வியாபாரம் பேசி முடித்தவர்கள் ஊர் திரும்பும் வரை யாருக்கும் ரொக்கமாக அச்சாரம் கொடுக்க வேண்டாம் என்று குழுவிலேயே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுப்பாடு என்று இருந்தால் அங்கே வற்புறுத்துபவரிடம் மறுப்பதும் எளிது.

நண்பர்களே, வெளிநாட்டுக்குப் போகிறோம், நாலு காசு செலவாகத்தான் செய்யும். பேரப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்குங்கள், வீட்டாருக்குப் பிடித்ததை வாங்குங்கள், நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள். அதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். கொடுத்த காசுக்கு ஒரு பொருளோ ஒரு சந்தோஷமோ வர வேண்டும். ஒன்றும் வராமல் விலைக்குள்ளும் பொத்தானுக்குள்ளும் மறைந்து போகும் காசைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று என் தகப்பனார் கல்லாவில் உட்காரவைத்த முதல் நாள் சொன்னார். அந்த ஆறு வைகையாக இருந்தால் என்ன, சிங்கப்பூர் ஆறாக இருந்தால் என்ன? படி நம் கையில் இருக்கட்டும்.